ஃபால்மத் யூதக் கல்லறை: எல்லாக் கல்லிலும் அதே ஐந்து எழுத்து, யாருக்காவது தெரியுமா?

வானதி_பென்ரின்

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் படித்துக்கொண்டிருக்கிறேன். பென்ரினிலிருந்து ஃபால்மத் போகும் சாலையில் பான்ஷார்டன் என்று ஓர் இடம் வரும். அங்கே மரங்களுக்கு நடுவே இரண்டு பழைய கல்லறைத் தோட்டங்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒன்றரை வருடமாகப் பஸ்ஸில் தாண்டிப் போனவள், போன மாதம் உள்ளே போய்ப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் போனேன்.

ஒரு தோட்டம் கிறிஸ்தவர்களுடையது, ஆங்கிலத்தில் பெயர்கள். மற்றது யூதர்களுடையது. முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையில் கருஞ்சாம்பல் நிறக் கற்கள், சில சாய்ந்து, சில மண்ணில் பாதி புதைந்து. எழுத்தெல்லாம் எபிரேயம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நான் எடுத்த கற்களில் தெளிவாக இருப்பவை எல்லாவற்றிலும் கடைசி வரியில் அதே ஐந்து எழுத்து, தலையில் புள்ளியோ கோடோ போட்டு. ஒரே குடும்பத்தின் பெயரா? ஊர்ப் பெயரா? கல்வெட்டியவரின் முத்திரையா?

இன்னும் சில கேள்விகள். ஃபால்மத் சின்ன ஊர். லண்டனிலிருந்து ரயிலில் வந்தாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கோடிக்கு யூதர்கள் ஏன் வந்தார்கள், அப்புறம் எங்கே போனார்கள்? ஊருக்குள் ஜேக்கப்ஸ் லேடர் (ஜேக்கப்பின் ஏணி) என்று 111 படி இருக்கிறது. கார்ன்வாலின் இன்னொரு ஊரான பென்சான்ஸில் மார்க்கெட் ஜூ ஸ்ட்ரீட் என்று கடைத்தெருவே இருக்கிறது, 'ஜூ' என்றால் ஆங்கிலத்தில் யூதர். இவையெல்லாம் அவர்கள் விட்டுப்போன பெயர்களா? வகுப்புக்கு எழுத இல்லை, பார்த்ததிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

மொழிப்பித்தன்

பெயர் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கு ஆள் வருவார்கள்.

மார்க்கெட் ஜூ ஸ்ட்ரீட்டுக்கும் யூதர்களுக்கும் சம்பந்தமே இல்லை. கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷில் 'மர்ஹாஸ்' என்றால் சந்தை, 'யோவ்' என்றால் வியாழன். வியாழன் சந்தைக்குப் போகும் தெரு. ஆங்கிலேயர் காதில் அது மார்க்கெட் ஜூ என்று விழுந்தது. அப்புறம் அந்தப் பெயருக்கு ஒரு கதை வேண்டுமே! அதனால் பழங்காலத்திலேயே யூத வணிகர்கள் தகரம் வாங்க இங்கே வந்தார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். வயல்களில் கிடைத்த பழைய தகர உலைகளுக்குக்கூட 'யூதர் வீடு' என்று பெயர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதை நம்பிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. ஆதாரம் என்று ஒரு துரும்பும் கிடையாது.

ஜேக்கப்ஸ் லேடரும் அப்படித்தான். பைபிளில் ஆதியாகமத்து யாக்கோபும் இல்லை, யூதர்களின் ஜெப ஆலயத்து ஜேக்கப்பும் இல்லை. ஜேக்கப் ஹேம்ப்ளன் என்று ஒரு உள்ளூர்க் கட்டடக்காரர், மெழுகுவர்த்தி வியாபாரமும் செய்தவர், கீழே இருந்த தொழிலுக்கும் மேலே இருந்த சொத்துக்கும் போய்வரக் கட்டிய படி அது.

இரண்டாம் இஞ்சினீயர்

வானதிம்மா, முதலில் உங்கள் ஐந்து எழுத்து. அது பெயர் இல்லை. தாவ், நூன், சாதே, பேத், ஹே. ஐந்து சொற்களின் முதலெழுத்துகள். 'இவருடைய ஆத்துமா ஜீவனுள்ளோரின் கட்டிலே கட்டப்பட்டிருப்பதாக' என்று பொருள். பைபிளில் 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் அபிகாயில் தாவீதிடம் பேசும் வசனத்திலிருந்து எடுத்தது. அந்தக் கட்டு, கட்டில் இல்லை, மூட்டை. உலகத்தில் எந்த ஊர் யூதக் கல்லறைக்குப் போனாலும் கடைசி வரி பெரும்பாலும் இதுதான். தலையில் இரண்டெழுத்து தனியாக இருந்தால் அது பே, நூன். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்பதன் சுருக்கம்.

நான் எபிரேயம் படித்தவன் இல்லை. தூத்துக்குடிக்காரன், முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல் இஞ்சின் அறையில் இருந்தவன். ஃபால்மத்தில் பெரிய கப்பல் பழுதுபார்க்கும் டாக் இருக்கிறது. 1996ல் எங்கள் கப்பல் புரொப்பல்லர் தண்டு சீலில் எண்ணெய் கசிந்து அங்கே டிரை டாக்கில் ஏறியது. ஒரு வாரம் என்றார்கள், உதிரிப்பாகம் வர இருபத்திரண்டு நாள் ஆனது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை. ஊரைச் சுற்றினேன். டாக்கில் வெல்டிங் வேலை பார்த்த ஒரு பெரியவர், "அந்த மேட்டில் இருக்கும் வீட்டைப் பார்த்தாயா, அது யூதர் கோயிலாக இருந்தது" என்றார். ஸ்மிதிக் ஹில் என்று பெயர். மூச்சு வாங்க ஏறிப்போனேன். உயரமான வளைவுச் சன்னல்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி கும்பிடும் இடம் என்று சொல்ல வெளியே ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி நின்று பார்த்தால் துறைமுகம் முழுவதும் உள்ளங்கையில் இருப்பது போலத் தெரிந்தது. கோயிலில் இருந்தபடியே எந்தக் கப்பல் உள்ளே வருகிறது என்று வியாபாரிகள் பார்த்துக்கொள்ளத்தான் அந்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். துறைமுகமும் ஊருக்குக் கிழக்கே, எருசலேமும் கிழக்கே. இரண்டில் எதைப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்க முடியாது!

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருக்கிறேன். சொல்கிறேன்.

1290ல் முதலாம் எட்வர்ட் மன்னர் இங்கிலாந்து யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டுத் துரத்தினார். 1656ல், மன்னர் இல்லாமல் கிராம்வெல் நாட்டை ஆண்ட காலத்தில், பெரிதாகச் சட்டம் எதுவும் போடாமலே, திரும்பி வந்து வாழ விட்டார்கள். முதலில் வந்தவர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல் வழி வந்த வசதியான வணிகர்கள். அவர்கள் பின்னாலேயே ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்தும் போலந்திலிருந்தும் கையில் காசில்லாத இளைஞர்கள் வந்தார்கள். லண்டன் நகர எல்லைக்குள் அவர்களைச் சில்லறைக் கடை வைக்க விடவில்லை. 1753ல், யூதர்கள் குடியுரிமை பெற வழிசெய்யும் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஊரெல்லாம் கூச்சல். அதே வருடம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதுதான் அன்றைய நிலவரம். ஆகவே இந்தப் பையன்களுக்கு மிச்சம் இருந்த தொழில் சுமை வியாபாரம். தோளில் பெட்டி, அதில் பொத்தான், பெல்ட் கொக்கி, ரிப்பன், மூக்குக்கண்ணாடி, மலிவுக் கடிகாரம். ஊர் ஊராக நடை. அதற்கும் உரிமம் வாங்க வேண்டும், ஆண்டுக்கு 4 பவுண்டு. நடந்து விற்கிறவனுக்கு அந்த நாளில் அது பெரிய தொகை.

இங்கேதான் ஃபால்மத் வருகிறது. 1680களின் கடைசியிலிருந்து அரசுத் தபால் கப்பல்கள் புறப்படும் துறை அது. லிஸ்பன், மேற்கிந்தியத் தீவுகள், நியூயார்க் எல்லாத் தபாலும் அங்கிருந்துதான். பிரிட்டிஷ் கடற்படை டிரஃபால்கர் கடற்போரில் வென்ற செய்தியோடு 1805 நவம்பரில் பிக்கிள் என்ற சிறு கப்பல் வந்து கரை தொட்டதும் ஃபால்மத்தில்தான். மாலுமிகள் சொந்தக் கணக்கில் சாமான் ஏற்றிப்போய் அக்கரையில் விற்பது அன்றைக்குச் சர்வசாதாரணம். (எங்கள் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த கதைதான். பெரிசாகச் சொல்ல வேண்டாம்.) கடிகாரம், வெள்ளிச் சாமான், நகை எல்லாம் கையடக்கச் சரக்கு. விற்கத் தெரிந்தவனுக்கு அந்தத் துறையில் வேலை இருந்தது.

1740 வாக்கில் அலெக்சாண்டர் மோசஸ் என்று ஒரு வெள்ளி வேலைக்காரர் அங்கே குடியேறினார். யூதர்களிடையே அவருக்கு 'ஸென்டர் ஃபால்மத்' என்று பெயர். ஊர் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது, நம் ஊரில் முன்னெழுத்து வைக்கிற மாதிரி. இவர் என்ன செய்தார் என்றால், லண்டனிலிருந்து வரும் பையன்களுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தார். உரிமக் கட்டணத்தையும் தானே கட்டினார். வட்டி பற்றிப் பேச்சில்லை, ஒரே ஒரு நிபந்தனை. கார்ன்வாலில் எங்கே போய் விற்றாலும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஃபால்மத் திரும்பிவிட வேண்டும். சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஜெபம். ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடித்து, புதுச் சரக்கு வாங்கி, திங்கட்கிழமை திரும்ப நடை.

ஏன் இந்த நிபந்தனை? யூதர்களின் முழுப் பொதுவழிபாட்டுக்கு, அவர்கள் வேதமான தோராவின் சுருளைத் திறந்து வாசிக்க, பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது பேரும் தனித்தனியாக முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பக்தி எவ்வளவு இருந்தாலும் ஒன்பதைப் பத்தாக்க முடியாது. மினியன் என்பார்கள். கப்பல்காரனுக்கு இது உடனே புரியும். எங்கள் கப்பலுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, குறைந்தபட்சம் இத்தனை அதிகாரி, இத்தனை மாலுமி என்று. ஒரு ஆள் குறைந்தால் இஞ்சின் நன்றாக இருந்தாலும் துறையை விட்டு நகர முடியாது. சென்னையில் ஒரு தடவை மூன்றாம் இஞ்சினீயர் மஞ்சள் காமாலையில் படுத்து, மாற்று ஆள் வரும்வரை நான்கு நாள் வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். ஸென்டர் ஆள் கணக்கைக் கடன் கணக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். அவரிடம் கடன்பட்டவனுக்கு வெள்ளிக்கிழமை மறக்காது.

தூரம் போய்விட்டு வாரத்தில் திரும்ப முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். வழியில் இருக்கும் சத்திரம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வார்கள். சத்திரக்காரர் கிறிஸ்தவர். அவருடைய சமையலறைச் சட்டியில் பன்றியும் வெந்திருக்கும், இவர்கள் அதில் சாப்பிடக் கூடாது. அதனால் ஒரு அலமாரியில் தனிச் சட்டிகள், பூட்டு. சமைத்துச் சாப்பிட்டவன் சட்டியைக் கழுவி, உள்ளே சாக்கட்டியால் தன் பெயர், தேதி, அந்த வாரம் தோராவில் வாசிக்கும் பகுதி எது என்று எபிரேயத்தில் எழுதி வைத்துவிட்டுப் போவான். அடுத்து வருபவன் திறந்து பார்ப்பான். எழுத்து அழியாமல் இருந்தால் இடையில் வேறு யாரும் அதில் சமைக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் இஞ்சின் அறையில் வால்வுக்கு ஈயமுத்திரை வைப்போமே, அது போல. எழுத்துத் தெரியாத சமையற்காரி அதை அழித்துவிட்டுத் திரும்ப எழுத முடியாது பாருங்கள்.

சில இடங்களில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சபாத் என்கிற சனிக்கிழமை ஓய்வுநாளைச் சத்திரத்திலேயே கழிப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் முறைப்படி அறுக்க ரப்பியிடம், அதாவது யூத குருவிடம், வாங்கிய அனுமதி இருக்கும். அவன் வெள்ளிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு முன்னாலேயே வந்து, கோழியை அறுத்து, மீன் வாங்கி, மற்றவர்கள் வருவதற்குள் சமையலை முடிக்க வேண்டும். அவனுக்கு அன்றைய லாபம் போய்விடுமே? மற்றவர்கள் சேர்ந்து அந்த ஒரு நாள் லாபத்தை அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படி வந்தவர்களில் பார்னெட் லீவி என்று ஒருவர், சோப்புக் காய்ச்சத் தெரிந்தவர். லண்டனில் அந்த வேலை கிடைக்காமல் சுமை தூக்கி மேற்கே வந்தார், ஸென்டரிடம் சரக்கு எடுத்தார், அப்புறம் ஃபால்மத்திலேயே சோப்புக் காய்ச்சி உட்கார்ந்துவிட்டார். சுமந்து விற்றவன் கடை வைத்தான், கடை வைத்தவன் கல்யாணம் செய்தான். கடற்கரையோரம் முதலில் ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. மேட்டில் நான் பார்த்த கட்டடம் 1800களின் முதல் பத்தாண்டில் வந்தது.

ஸென்டர் அதைப் பார்க்கவில்லை. 1791ல் இறந்துபோனார். நீங்கள் போன பான்ஷார்டனில்தான் அடக்கம்.

வானதி_பென்ரின்

சார், ரொம்ப நன்றி. சட்டிக்குள் சாக்கட்டி எழுத்து! இரண்டு தடவை படித்தேன். பக்கத்து அறைத் தோழி பாத்திரம் கலந்துவிடுகிறாள் என்று நான் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன், அவளுக்கும் படித்துச் சொன்னேன்.

மூன்று கேள்வி. கிறிஸ்தவக் கல்லறை ஏன் அத்தனை ஒட்டி இருக்கிறது? கல்லில் வருடம் எங்கே இருக்கும், எண்ணே கண்ணில் படவில்லை. அப்புறம், கடைசியில் எங்கே போனார்கள்?

ரேவதி_பிளிமத்

இஞ்சினீயர் சார் வருவதற்குள் என் பங்குக்கு. கார்ன்வாலை ஒட்டி, நான் இருக்கும் பிளிமத்தில் இதே கதையின் இன்னொரு முனை இருக்கிறது, அது இன்னும் மூடவில்லை.

கேதரின் ஸ்ட்ரீட்டில், ஊர்ச் சபை மண்டபத்துக்குப் பக்கத்தில், 1762ல் கட்டிய ஜெப ஆலயம். ஜெர்மனி, போலந்து வழி வந்த யூதர்களை அஷ்கெனாசிகள் என்பார்கள். அவர்கள் கட்டி, இன்றும் வழிபாடு நடப்பவற்றில், ஆங்கிலம் பேசும் நாடுகள் எல்லாவற்றிலும் இதுதான் பழையது. லண்டனில் 1701லேயே கட்டிய பெவிஸ் மார்க்ஸ் என்ற ஜெப ஆலயம் இருக்கிறது, ஆனால் அது போர்த்துக்கல் வழி வந்தவர்களுடையது. வெளியே இருந்து பார்த்தால் பிளிமத் கட்டடமும் ஒன்றுமே சொல்லாது. வெள்ளையடித்த சாதாரணச் சுவர். நான் முதல் தடவை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே போனால்தான், சுருள்களை வைக்கும் பேழை இரண்டு அடுக்காக, தூண்களும் பொன்பூச்சுமாகக் கூரை வரை எழும்பி நிற்கிறது. தேர் மாதிரி என்று என் அம்மா சொன்னார்.

1941ல் ஜெர்மன் குண்டுவீச்சில் பிளிமத் நடு ஊர் தரைமட்டமானது. சில நிமிட நடையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கூரை இல்லாமல் சுவர் மட்டும் நின்றது. ஜெப ஆலயம் தப்பித்துக்கொண்டது. எக்ஸிட்டரில் இருக்கும் 1763ஆம் ஆண்டுக் கட்டடமும் போரில் தப்பியது. ஆனால் 2018ல் ஒருவன் அதற்குத் தீ வைத்தான். பிடித்தார்கள், நீதிமன்றம் அவனை மனநல மருத்துவமனையில் அடைத்து வைக்க உத்தரவிட்டது. கட்டடத்தைச் சீர்செய்துவிட்டார்கள்.

இங்கே பிழைப்பு கடற்படை. போர்க் காலத்தில் மாலுமிகளின் சம்பளமும், பிடித்த எதிரிக் கப்பலில் அவர்களுக்குப் பங்காக வரும் பரிசுப் பணமும் வாங்கித் தரும் முகவர்களாகவே நிறையப் பேர் இருந்தார்கள். 1815ல் நெப்போலியன் போர் முடிந்ததும் அந்த வருமானம் சுருங்கிவிட்டது.

பென்சான்ஸ் ஞாபகம் வந்தது. லெமன் ஹார்ட் என்று ஒரு ரம் உண்டு இல்லையா, அது பென்சான்ஸில் 1768ல் பிறந்த ஒரு யூதர் பெயர். கடற்படைக்கு ரம் கொடுத்தவர். எலுமிச்சைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாம் இஞ்சினீயர்

ரேவதி சொன்ன லெமன் ஹார்ட்டை எனக்கு வேறு வழியில் தெரியும். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

வானதிம்மா, கிறிஸ்தவக் கல்லறை என்று சொன்னீர்களே, அவர்களும் ஒருவகையில் வெளியாட்கள்தான். காங்கிரிகேஷனலிஸ்ட் என்று, அரசுத் திருச்சபையில் சேராமல் தனியாகச் சபை நடத்தியவர்கள். திருச்சபைத் தோட்டத்தில் தங்கள் சொந்த முறையில் அடக்கம் செய்ய அவர்களுக்கு வழியில்லை. அந்த நிலம் டி டன்ஸ்டன்வில் பிரபுவின் குடும்பத்துச் சொத்து. செம்பு, தகரச் சுரங்கங்களில் பெரும் பணம் பார்த்த பாசெட் குடும்பம். அவர் இரண்டு கூட்டத்துக்கும் ஊருக்கு வெளியே ஒட்டி ஒட்டி நிலம் விட்டுக்கொடுத்தார். உயிரோடு இருந்தபோது ஒருவர் கோயில் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டார்கள். இப்போது நடுவில் ஒரு சுவர்தான்.

வருடம். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். பழந்தமிழில் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்று எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். அலெஃப் 1, யோத் 10, நூன் 50, சாதே 90, கோஃப் 100, தாவ் 400. எழுதியிருப்பதை அப்படியே கூட்ட வேண்டியதுதான். ஸென்டர் இறந்த வருடம் யூதக் கணக்கில் 5551. கல்லில் ஆயிரத்தை எழுத மாட்டார்கள், 551 மட்டும்: தாவ், கோஃப், நூன், அலெஃப். 400, 100, 50, 1. நம் ஆண்டு வேண்டுமென்றால் 5551லிருந்து 3760 கழியுங்கள், 1791. ஒரு எச்சரிக்கை. அவர்கள் புத்தாண்டு ஆவணி கடைசி, புரட்டாசி வாக்கில் வரும். ஆகவே அந்தப் புத்தாண்டு முதல் டிசம்பர் கடைசி, அதாவது மார்கழி பாதி வரை இறந்தவருக்கு 3761 கழிக்க வேண்டும். நான் முதலில் இதைக் கவனிக்காமல் ஒருவரை ஒரு வருடம் அதிகம் வாழ வைத்துவிட்டேன்.

கடைசியாக, எங்கே போனார்கள். யாரும் துரத்தவில்லை. தபால்தான் போனது. நீராவிக் கப்பலுக்குக் காற்றுப் பார்க்க வேண்டியதில்லை, மேற்குக் கோடியிலிருந்து புறப்பட வேண்டிய அவசியமும் இல்லை. லண்டனுக்கு ரயில் உள்ள சௌதாம்ப்டன் போதும். 1840களில் ஒவ்வொரு தடமாக அங்கே மாற்றினார்கள். 1850ல் ஃபால்மத்தின் தபால் கப்பல் காலம் முடிந்தது. உச்சத்தில் நாற்பது கப்பல் வரை நின்ற துறை அது. ஃபால்மத்துக்கு ரயில் வந்தது 1863ல். வந்த ரயில் ஆள் ஏற்றிக்கொண்டு போகத்தான் உதவியது. சுமை வியாபாரமும் செத்துவிட்டது. பர்மிங்ஹாமில் செய்த பொத்தான் ரயிலில் வந்து கடையில் கிடைக்கும்போது தோளில் சுமந்து வருபவனிடம் யார் வாங்குவார்கள்? பிள்ளைகள் பெரிய ஊருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். படித்த பிள்ளைக்கு எந்தச் சின்ன ஊரும் போதாது, தூத்துக்குடியில் என் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பத்துப் பேர் சேராமல் 1880ல் ஸ்மிதிக் ஹில்லை மூடினார்கள். பென்சான்ஸ் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, 1906ல் அந்தக் கட்டடத்தை ஒரு கிறிஸ்தவச் சபைக்கு விற்றார்கள். ஆனால் பான்ஷார்டனில் கடைசி அடக்கம் 1913ல் நடந்தது. கோயில் மூடி முப்பத்து மூன்று வருடம் கழித்து. அவரை அடக்கம் செய்தபோது ஜெபம் சொல்ல எத்தனை பேர் நின்றார்கள் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

ஃபால்மத்தின் தோரா சுருள்கள் கார்ன்வாலிலேயே இருக்கும் ட்ரூரோ ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நூறு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தன. இப்போது கார்ன்வால் முழுக்கச் சிதறி வாழும் யூதர்கள் சேர்ந்து ஒரு சபை நடத்துகிறார்கள். பெயர் கெஹிலாத் கெர்னோ. முதல் சொல் எபிரேயம், 'சபை'. இரண்டாவது கார்னிஷ் மொழியில் கார்ன்வாலின் பெயர். மொழிப்பித்தன் சந்தோஷப்படுவார். அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள். 2014ல் ஃபால்மத் சுருள்களில் ஒன்றை அருங்காட்சியகம் அவர்களிடம் கொடுத்துவிட்டது.

மொழிப்பித்தன்

சந்தோஷப்பட்டேன். இது தெரியாமல் இருந்தேன்.

வானதி_பென்ரின்

சார், உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தெளிவாக இருந்த ஒரு கல்லில் தாவ், கோஃப், சாதே வரை சரியாக வருகிறது. 400, 100, 90. அதற்கு அடுத்த எழுத்தின் மேல் பச்சைப் பாசி. அப்படியென்றால் 1830க்கும் 1839க்கும் இடையில் யாரோ ஒருவர், சரிதானே? தபால் கப்பல் இருந்த காலம்! அடுத்த தடவை போகும்போது பாசியை மட்டும் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கலாமா?

இரண்டாம் இஞ்சினீயர்

கணக்கு சரி. முனையில் ஒரு வருடம் முன்னால், 1829 ஆகவும் இருக்கலாம், மாதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

தேய்க்கவே தேய்க்காதீர்கள் அம்மா. அது ஸ்லேட் கல், அடுக்கு அடுக்காகத்தான் இருக்கும். பாசி வேரோடு ஒரு அடுக்கையே எடுத்துக்கொண்டு வந்துவிடும், எழுத்தும் கூடவே போய்விடும். அது பாதுகாக்கப்பட்ட சின்னம் வேறு. கல்லறையைப் பராமரிக்கும் குழுவிடம் கேட்டு, சூரியன் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேரே அடிக்காதீர்கள். வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், பாசிக்கு அடியிலிருந்தும் கோடு தெரியும். புரொப்பல்லர் இலையில் விரிசல் தேட நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். போட்டோ கிடைத்தால் இங்கே போடுங்கள். ஹெத், ஹே என்ற இரண்டு எழுத்துக்கும் இடது காலில் ஒரு சின்ன இடைவெளிதான் வித்தியாசம். இடைவெளி இல்லாவிட்டால் எட்டு, இருந்தால் ஐந்து.